மலைவேம்பும் மல்லாட்டையும்

(திருவண்ணாமலையில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "மல்லாட்டைக் கொல்லையெல்லாம் மரமாயிட்டு வருதே, நாங்க களையெடுக்க எங்கே போறது?" அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த மரம் மலைவேம்பு. நம் வாசல் வேம்புக்கும், சீமான் வீட்டு மேஜைக்கு ஆகும் மகோகனிக்கும் ஒரே குடும்பத்துப் பங்காளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில் தானாக வளர்ந்தது, இன்று வயலுக்கு இறங்கிவிட்டது. ஏழெட்டு வருஷத்தில் பிளைவுட்டுக்கு வெட்டலாம். ஆலையில் கட்டையைச் சுழலவிட்டு, கத்தி வைத்து, சுருட்டிய பாய் பிரிவது போல மெல்லிய தகடாக உரித்து, பசை போட்டு ஒட்டுகிறார்கள். தீக்குச்சிக்கும் காகிதக் கூழுக்கும் ஆகும். ஆலைத் தோழர்களுக்கு இதனால் வேலை உண்டு. மரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை.

ஆனால் கூலிக் கணக்கைப் பாருங்கள். மல்லாட்டை என்றால் உழவு, விதைப்பு, களையெடுப்பு, செடி பிடுங்குவது, காய் ஆய்வது என்று போகத்துக்குப் போகம் வேலை. களையும் காய் ஆய்வதும் பெண்களின் கைவேலை. மலைவேம்புக்கு? குழி வெட்டி நட்டு, முதலில் தண்ணீர் விட்டு, பக்கக் கிளை கழித்தால் முடிந்தது. அப்புறம் மரம் தானே வளரும். நம் அடுப்பு தானே எரியுமா? வெட்டுகிற நாளிலும் வியாபாரி தன் ஆட்களோடு லாரியில் வந்து இறங்கினால், நமக்கு விறகுச் சுள்ளிதான்.

மழை இல்லை, கூலி கொடுத்துக் கட்டவில்லை என்று சிறு விவசாயி சொன்னால் அதில் உண்மை உண்டு. பட்டணத்தில் குடியிருந்துகொண்டு நிலம் வைத்திருப்பவர் சொன்னால் அது வேறு கதை.

மகோகனியின் கதையையும் கேளுங்கள். மத்திய அமெரிக்காவில், இன்று பெலீஸ் எனப்படும் நாட்டின் காடுகளில், வெள்ளைக்காரன் அதை ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு வெட்டினான். ஓர் அடிமை உயர்ந்த மரத்தின் உச்சியில் ஏறி, இலையின் நிறத்தை வைத்து மகோகனி நிற்கும் இடத்தைக் கண்டு சொல்ல வேண்டும். பகல் வெயிலை மாடு தாங்காது என்று இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கட்டையை இழுத்தார்கள். மாட்டுக்காவது அந்த இரக்கம் கிடைத்தது! அங்கே முழு விடுதலை வர 1838 ஆயிற்று. மரமெல்லாம் இங்கிலாந்து மாளிகைகளுக்குப் போயிருந்தது.

நாம் கேட்பது பெரிதல்ல. கன்று சிறிதாக இருக்கும்வரை வரிசைக்கு நடுவே மல்லாட்டையோ உளுந்தோ போடட்டும். நாற்றங்கால் வேலை ஊர்ப் பெண்களுக்கு வரட்டும். கிளை கழிப்பதும் வெட்டுவதும் உள்ளூர் ஆட்களுக்கு, பேசி முடித்த கூலிக்கு.

எந்த ஊரில் எத்தனை ஏக்கர் மரமாயிற்று, எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம்.