பூவுக்குக் காவல், விதைக்குச் சிறகு



கத்தரிக்காய் நறுக்காத வீடு உண்டா? அதன் தலையில் பச்சையாக ஒரு தொப்பி இருக்கும். சில வகைகளில் அதில் முள்ளும் இருக்கும். கையில் குத்தும். காம்போடு சேர்த்து அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். அது என்ன தெரியுமா? அது கத்தரிப் பூவின் ஒரு பாகம். அதற்குப் புல்லி இதழ் என்று பெயர்.

செம்பருத்தி மொட்டைப் பாருங்கள். வெளியே பச்சை உறை இருக்கும். உள்ளே சிவப்பு இதழ்கள் சுருண்டு கிடக்கும். சிவப்பாக இருப்பவை அல்லி இதழ்கள். பச்சையாக மூடி இருப்பவை புல்லி இதழ்கள். மொட்டு வெயிலில் வாடக் கூடாது. பூச்சி கடிக்கக் கூடாது. அதற்குக் காவல்தான் புல்லி இதழ்.

பூ மலர்ந்த பிறகு காவலுக்கு என்ன வேலை? சில செடிகளில் புல்லி இதழ் உதிர்ந்துவிடும். சில செடிகளில் உதிராது. காயோடு தங்கிவிடும். கத்தரிக்காயின் தொப்பி அப்படித் தங்கியதுதான். மாதுளம்பழத்தின் தலையில் உள்ள கிரீடமும் புல்லி இதழ்தான்.

அந்தமான் காட்டில் ஒரு மரம் உண்டு. அதன் புல்லி இதழ் இன்னும் பெரிய வேலை செய்கிறது. அந்த மரம் குர்ஜன். 100 அடிக்கு மேல் வளரும். அடிமரம் தூண் போல நேராக நிற்கும். பிளைவுட் செய்ய ஏற்ற மரம்.

குர்ஜன் பூவில் ஐந்து புல்லி இதழ்கள். அடியில் அவை ஒன்று சேர்ந்து கிண்ணம் போல இருக்கும். பூவின் அல்லி இதழ்கள் உதிர்ந்த பிறகு அந்தக் கிண்ணம் காயை மூடிக்கொள்ளும். ஐந்தில் மூன்று இதழ்கள் சிறியதாகவே நின்றுவிடும். மற்ற இரண்டும் நீளமாக வளரும். அரைச் சாணுக்கு மேலும் நீளும். காய் முற்றியதும் காய்ந்து, இரண்டு சிறகுகள் ஆகிவிடும்.

காற்று அடிக்கும்போது காய் கிளையை விட்டுக் கழலும். கல் போல நேராக விழாது. காத்தாடி போலச் சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கும். அதற்குள் காற்று அதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். தாய் மரத்தின் அடியில் நிழல் அதிகம். சற்றுத் தள்ளி விழுந்தால் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

ஆனாலும் இந்தச் சிறகு வெகுதூரம் போகாது. பெரும்பாலான காய்கள் தாய் மரத்தின் அருகிலேயே விழும். நிக்கோபார் காடுகளில் குர்ஜன் இயற்கையாக இல்லை. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் கடல். கடலைத் தாண்டும் சிறகு அல்ல அது.

இன்னொரு செய்தியும் முக்கியம். நெல் விதையைக் காயவைத்து அடுத்த பட்டம் வரை வைத்திருக்கலாம். குர்ஜன் விதையை அப்படி வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாட்களில் ஈரம் கிடைத்து முளைக்க வேண்டும். மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும் விதை அல்ல அது. ஆகவே தாய் மரங்கள் எல்லாம் போய்விட்டால் விதையும் போய்விடும். பிறகு அந்த இடத்தில் குர்ஜன் தானாக முளைக்காது.

இந்தத் தீவுகளில் மரம் வெட்டும் தொழில் பழையது. சாத்தம் தீவில் உள்ள மரம் அறுக்கும் ஆலை 1883-ல் தொடங்கியது. பல குடும்பங்கள் இந்தத் தொழிலால் சோறு தின்றன. ஆனால் காடு குறைந்துகொண்டே வந்தது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதித்தது. பழங்குடி மக்களின் காடுகளில் வெட்டக் கூடாது என்றது.

காடு நின்றால் யாருக்கு லாபம்? தீவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேட்டில் மரம் இல்லாவிட்டால் மழைநீர் மண்ணை அரித்துக் கடலில் சேர்க்கும். மரம் இருந்தால் நீர் மண்ணில் இறங்கும். ஓடையில் மெல்ல வரும். போர்ட் பிளேர் நகரத்தின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. அந்த நகரத்துக்குத் தண்ணீர் தருவது தனிகாரி அணை. அணைக்கு நீர் வரும் மேட்டைக் காப்பது காடுதான்.

வெட்டாமல் விட்டால் மட்டும் போதுமா? போதாது. புள்ளிமான் இந்தத் தீவின் விலங்கு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. இங்கே அதை அடித்துத் தின்னப் புலி இல்லை. அதனால் பெருகிவிட்டது. இளங்கன்றுகளைத் தின்றுவிடுகிறது. மாடுகளும் மேய்ந்தால் கன்று தப்பாது. கன்று முளைத்த இடத்தில் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். தீ வைக்காதீர்கள்.

நாற்றங்கால் போடுகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுப் புதுக் காய்களைப் பெறலாம். சிறகுகளை ஒடித்துவிட்டு உடனே விதைக்க வேண்டும். ஒரு மாதம் மூட்டையில் கட்டி வைத்தால் பயன் இல்லை.

அடுத்த முறை கத்தரிக்காய் நறுக்கும்போது அந்தப் பச்சைத் தொப்பியை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காட்டுப் பாதையில் இரண்டு சிறகு உள்ள காய் கிடந்தால், அதை ஒருமுறை மேலே வீசச் சொல்லுங்கள். அது எப்படிச் சுற்றுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். அண்ணாந்து தாய் மரத்தையும் பார்க்கட்டும்.