கிணற்று நீரும் வெள்ளைத் தூளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சைத் தரணியில் அடைமழை பொழிவதும், வெண்ணாறும் வெட்டாறும் கரை தொட ஓடுவதும் புதியனவல்ல. சம்பாப் பயிர் மூழ்கிவிடுமோ என்று கவலையுறும் நாம், அதே வெள்ளம் சாக்கடையையும் தொழுவத்தையும் கழுவிக்கொண்டு நம் கிணற்றுக்குள் இறங்குவதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நாகைக் கரையில் கடல் புகுந்தபோதும், 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோதும், உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த கவலை குடிநீரே. அத்தகைய வேளைகளில் கைகொடுப்பது பிளீச்சிங் பவுடர் என்னும் வெள்ளைத் தூள்.

சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்யப்படும் இத்தூளுக்கு ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்றார். அன்று அது துணி வெளுக்கவே பயன்பட்டது. அமெரிக்காவின் ஜெர்சி நகரம் 1908 முதல் குடிநீரில் நாள்தோறும் இதனைச் சேர்க்கலாயிற்று. வாந்திபேதிக் கிருமிகளை மாய்க்கும் ஆற்றல் இதிலுள்ள குளோரினுக்கு உண்டு.

ஆயினும், கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவது முறையன்று. நல்ல தூளாயின், 1,000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்று கொள்வோம். அதில் சுமார் 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் வேண்டும். வெள்ளம் புகுந்து கலங்கிய நீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடுமாதலால், அப்போதைய அளவைச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டே முடிவு செய்தல் நலம்.

தூளைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, வாளியின் முக்கால் பங்குக்கு நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கி, தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீரை எடுத்தாள வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: இத்தூள் கிருமியைக் கொல்லுமேயன்றி, கடல் நீர் கலந்த கிணற்றின் உவர்ப்பை நீக்காது.

இனி, இதனால் விளையும் கேட்டையும் சொல்ல வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டுடன் இத்தூளைச் சேர்த்தால் இன்னும் வெண்மை கூடும் என்று எண்ணுவோர் உண்டு. வெண்மை கூடாது, குளோரின் வாயுவே வெளிப்படும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் வீரர்களைக் கொல்ல ஏவப்பட்டதும் இதே வாயுதான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுள்ளதாதலால், அது தரையை ஒட்டித் தேங்கும். தாழ விளையாடும் குழந்தைக்கே முதலில் தீங்கு. பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் எலுமிச்சையும்கூடப் புளிப்புப் பொருள்களே. அவற்றையும் இதனோடு சேர்க்கலாகாது. சிறுநீரிலும் சில துப்புரவுத் திரவங்களிலும் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுவே பிறக்கும். மண்ணெண்ணெயும் எண்ணெயும் பட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

தவறிக் கலந்துவிட்டால், உடனே அவ்விடம் விட்டு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் விரையுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தூய நீரால் கழுவிய வண்ணமிருந்து, பின்பு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கியவரை வலிந்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள்.

வெயிலும் ஈரமும் பட்டால் தூள் வீரியம் இழந்துவிடும். எனவே இறுக மூடி, இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கோலமாவு டப்பாவிலோ உப்பு ஜாடியிலோ ஒருபோதும் போட்டு வைக்காதீர்கள். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். பட்டுப் புடவையை இதில் நனைத்தால் இழையே கெடும்.

மழைக்காலம் வருமுன் வீட்டில் உள்ள தூளைச் சோதித்து, கிணற்றின் அளவை ஒருமுறை கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.