வங்கிக்குள் குடியேறிய புத்தகக் கடை

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அக்டோபர் புக்ஸ் என்றொரு கடை. முதலாளி கிடையாது, கூட்டுறவு. 1977 முதல் நடக்கிறது. வாடகை எகிறவே, அதே தெருவில் மூடிக்கிடந்த வங்கிக் கட்டடத்தை விலைக்கே வாங்கிவிடத் துணிந்தார்கள். காசு? ஊராரிடம் கேட்டார்கள். நன்கொடை, கடன், பங்கு என்று ஐந்து லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் சேர்ந்தது.

வீடு மாறினால் லாரி பிடிப்போம், இல்லையா? 2018 அக்டோபர் கடைசி ஞாயிறன்று இருநூறு பேருக்கு மேல் நடைபாதையில் வரிசைகட்டி நின்றார்கள். நம் ஊரில் தளம் போடும்போது கலவைச் சட்டி கைமாறுமே, அப்படி ஏறத்தாழ 2,000 புத்தகங்களைக் கைமாற்றியே புதுக் கடைக்குள் சேர்த்தார்கள். நான் நின்றிருந்தால் ஒன்றைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்து, வரிசையையே மறித்திருப்பேன்! கட்டடத்தின் பின்பகுதி ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு என்று அப்போதே ஒதுக்கிவிட்டார்கள்.