கண்டிச் சீமை கற்பித்த பாடங்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே ஒரு காலத்தில் 'கண்டி' என்பது வெறும் ஓர் ஊரின் பெயராக வழங்கவில்லை. மகாவலி கங்கை வளைந்து சூழ, ஏரிக்கரையில் தலதா மாளிகை விளங்கும் அந்நகரத்தை அவ்வூரார் பெரும்பாலோர் கண்ணாற் கண்டவரல்லர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களில் 'கண்டிக்குப் போனான்' என்றால், இலங்கையின் மலைநாட்டுத் தோட்டமொன்றிற்குக் கூலி வேலைக்குப் போனான் என்பதே பொருள். கண்டிச் சீமை என்பது அவர்களுக்கு ஒரு நம்பிக்கை; பஞ்சம் வந்த ஆண்டுகளில் கடைசிப் புகலிடம்.

அந்தச் சீமைக்குச் சென்றவன் என்ன சம்பாதித்தான் என்பதைப் பலரும் கணக்கிட்டிருக்கின்றனர். அவன் அங்கே என்ன கற்றான் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஏட்டுக் கல்வி அறியாத அத்தொழிலாளிக்கு அந்நாடே பள்ளிக்கூடம், மலையே பலகை, மழையும் பனியுமே ஆசிரியர்கள். அங்கே அவன் செலுத்திய சம்பளமோ மிகப் பெரிது.

முதற் பாடம் வழியிலேயே தொடங்கிற்று. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சில ஆண்டுகளில் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைப் பக்கத்திலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் கட்டுவோர் ஆசை காட்டினர் என்பது மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதை நம்பியவனும் புறப்பட்டான். நம்பாதவனும் பசிக்கு அஞ்சிப் புறப்பட்டான். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் காலால் நடந்து மாத்தளையை அடைந்தனர். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரை வீழ்த்தின. உடன் வந்தவனை வழியோரத்தில் விட்டுவிட்டு மேலே நடக்க நேர்ந்தவன், இனிப்பான சொல்லை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பதை வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம் கடன் கற்பித்த பாடம். பயணச் செலவு, அரிசி, கம்பளி ஆகிய அனைத்தும் கங்காணியின் கணக்கில் ஏறின. தோட்டத்தில் கால் வைக்கும் முன்னரே அவன் கடன்காரன். அக்கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதித் தரும் சீட்டிற்குத் 'துண்டு' என்று பெயர். வேறொரு தோட்டம் அத்தொகையைச் செலுத்தினால், கடனோடு ஆளும் அங்கே மாறிச் செல்வான். ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தையே கட்டிப் போட்டது. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மலையைச் சுமப்பதினும் கடனைச் சுமப்பது கடினம் என்பதை உணர்ந்த தலைமுறை அது. தன் பிள்ளை கையெழுத்திடக் கற்றுக்கொள்ள வேண்டும், எழுதியிருப்பதைப் படித்த பின்னரே பெருவிரலை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அத்தலைமுறையின் நெஞ்சிலே முளைவிட்டது.

மூன்றாம் பாடத்தைச் செடி கற்பித்தது. கோப்பிக் காலத்திலே தொழிலாளி வந்து போகிறவனாகவே இருந்தான். பழம் பறிக்கும் பருவத்திற்கு வருவான்; பருவம் முடிந்ததும் கையிலுள்ளதை முடிந்துகொண்டு ஊர் திரும்புவான். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் துருப்போன்ற நோயொன்று தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. செல்வர்களாயிருந்த துரைமார் பலர் வெறுங்கையராயினர். ஆனால், நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867ஆம் ஆண்டில், கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற மலைகளையெல்லாம் தேயிலை பற்றிக்கொண்டது.

இதனால் நேர்ந்த மாறுதல் பெரிது. கோப்பி பருவத்திற்குப் பலன் தருவது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. வாரத்திற்கொரு முறையேனும் அதே மலைக்குத் திரும்பி வந்து கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே தொழிலாளி இனி வந்து போகிறவனாக இருத்தல் இயலாது. மனைவி மக்களோடு லயத்திலே குடியேறினான். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா அவன் இல்லமாயிற்று. அவனை அந்நாட்டிலே வேரூன்றச் செய்தது அரசாங்கமும் அன்று, அவன் விருப்பமும் அன்று. தேயிலைச் செடியின் இயல்பே என்று சொன்னால் அது மிகையாகாது.

அச்செடியிடம் அவன் கற்றவை பல. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றியதைப் பறித்தால் தரம் கெடும். இளையதை ஒடித்தால் செடி கெடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டும்போது செடி குச்சி குச்சியாக நிற்கும். அறியாதவன் கண்ணுக்கு அது செத்த செடி. கத்தி பிடித்தவனுக்குத் தெரியும், இன்னுஞ் சில வாரங்களில் அது பச்சை பிடிக்கும் என்று. வெட்டுண்டபின் துளிர்ப்பதை வாழ்நாள் முழுதும் கண்டு பழகிய மக்கள், தம் வாழ்வு வெட்டுண்டபோதும் அதே பொறுமையைக் கைக்கொண்டனர்.

டெய்லர் 1892ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் காலமானார். அவரது உடலைத் தொழிலாளர் முறை மாற்றி முறை மாற்றித் தோளிற் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தனர். மகியாவையில் உள்ள அவரது கல்லறைமீது பெயரும் புகழும் பொறிக்கப்பட்டுள்ளன. சுமந்து வந்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் நட்ட செடிகளே அவர்களுடைய நடுகற்கள்.

நான்காம் பாடம் அயலாரிடமிருந்து வந்தது. எளிதில் கைவராத பாடம் அது. 1840ஆம் ஆண்டின் சட்டமொன்று, உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களை முடிக்குரியன ஆக்கிற்று. கண்டிச் சிங்களக் குடியானவர்கள் விறகுக்கும் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் நம்பியிருந்த மேட்டு நிலங்கள் தோட்டங்களாயின. தமக்கென நெல்வயல் உள்ள அவர்கள் தோட்டக் கூலிக்கு வர இசையவில்லை. ஆதலாற்றான் கடல் கடந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். நிலத்தை எடுத்தவன் துரை. ஆனால் நிலம் இழந்தவனின் கண்ணிலே நாள்தோறும் பட்டவன் தமிழ்த் தொழிலாளி. ஒருவன் நிலமிழந்தவன், மற்றவன் ஊரிழந்தவன். இருவர் துயரமும் ஓரிடத்திற் பிறந்தது என்பதை இருசாராரும் உணர்ந்திருப்பின், பின்னாளைய வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கக் கூடும்.

ஆயினும் உறவு முற்றும் இல்லாமற் போகவில்லை. சந்தையிலே காய்கறி வாங்கும்போது சிங்களச் சொல் நாவிற் பழகிற்று. ஆண்டுதோறும் ஆடி, ஆவணிக் காலத்திலே கண்டிப் பெரகரா நடைபெறுகையில் தோட்டத்து மக்களும் வீதியோரத்திலே நிற்பர். தலதா மாளிகையின் யானைக்குப் பின்னே நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், பத்தினி தேவாலயம் ஆகிய நான்கின் ஊர்வலங்களும் வரும். கதிர்காமத்தான் நம் முருகன் அன்றோ? பத்தினி நம் கண்ணகி அன்றோ? கண்டியின் கடைசி மன்னர்கள் நால்வரும் தென்னாட்டு நாயக்கர் வழியினர் என்பதும் அந்நகரின் வரலாறே. அந்நியன் என்று பிறர் சொல்லக் கேட்டவன், அவ்வீதியிலே நின்ற சிறு பொழுதேனும் தன்னை அந்நியனாக எண்ணவில்லை.

ஐந்தாம் பாடம் ஒற்றுமை. விடியற்காலையில் தப்பு முழங்கும். அனைவரும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஊரிலே ஒரே தெருவில் நடக்க இயலாதவர்கள் அங்கே ஒரே வரிசையில் நின்றனர். சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்வது பொய்யாகும்; கடல் கடந்து வந்த மூட்டையிலே அதுவும் வந்தது. ஆனால் கூலி குறைந்தால் அனைவர்க்கும் குறைகிறது என்ற உண்மை சாதியினும் வலியதாயிற்று. 1931ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்தார்; அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டாலும் பேச்சாலும் மக்களை எழுப்பினார். 1939ஆம் ஆண்டில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 சனவரியில் கண்டியை அடுத்த முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். கூப்பிய கையோடு கேட்டுப் பழகியவர்கள், நிமிர்ந்து நின்று கேட்பதன் விலையையும் அன்று கற்றனர்.

பெண்ணின் கல்வி இதனினும் நீண்டது. கொழுந்தெடுத்தவள் அவள், கூடையைச் சுமந்தவள் அவள், லயத்திற்குத் திரும்பி அடுப்பு மூட்டியவளும் அவளே. ஆனாலும் அவளுக்கு ஆணினும் குறைந்த கூலியே கிடைத்தது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பயனாகவே இருபாலார்க்கும் சமகூலி கிட்டிற்று. கொழுந்தெடுக்கும் விரல்கள் இல்லையேல் தோட்டமே இல்லை என்ற உண்மை ஒரு நூற்றாண்டிற்குப் பின்னரே கணக்கேட்டில் ஏறியது.

இனி வருவது கசப்பான பாடம். இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. மணமானவராயின் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள் இடைவிடாது அந்நாட்டில் வாழ்ந்ததாகச் சான்று காட்ட வேண்டும். லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்தவனிடம் என்ன சான்று இருக்கும்? எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவன் நட்ட செடி அவனுக்காகச் சாட்சி சொல்லவில்லை. அன்றுதொட்டு மலையகத்துக் காம்பராக்களிலே பிறப்புப் பத்திரமும் அரிசிக் கூப்பனும் பழைய சம்பளச் சீட்டும் தகரப் பெட்டியிலே பொன்போற் காக்கப்பட்டன. நாட்டை மனத்தாற் பற்றிக்கொள்வது வேறு, நாடு ஒருவனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்வது வேறு என்பது அவன் கற்ற பாடங்களுள் மிகக் கொடியது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் தலைவிதியை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அவர்களையும் இருநாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டிற்கு, தம்பி மற்றொரு நாட்டிற்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் எழுந்த அழுகையொலி, தலைமன்னார்த் துறை வரை அவர்களைத் தொடர்ந்தது.

அவ்வாறு தமிழ்நாடு திரும்பியோர் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வாழ்வளிக்கத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்திலே, கண்டி மலைகளில் பழகிய கைகளே கூடலூரிலும் கோத்தகிரியிலும் காடு திருத்திக் கன்று நட்டன. அங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவன், இங்கே 'சிலோன்காரன்' என்று அழைக்கப்பட்டான். இரண்டு பெயர்களும் அவனைத் தள்ளி நிறுத்திய பெயர்களே. அவன் கற்ற தொழில் மட்டும் எந்நாட்டிலும் அவனைக் கைவிடவில்லை.

அங்கே தங்கியவர்களின் கதை வேறு. அவர்கள் தமக்கொரு பெயரைத் தாமே தேடிக்கொண்டனர். விட்டு வந்த நாட்டின் பெயரையன்று, தம் பாட்டன்மார் வியர்வை சிந்திய மண்ணின் பெயரையே எடுத்து, 'மலையகத் தமிழர்' என்றனர். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, அதே பேராதனையிலுள்ள பல்கலைக்கழகத்தின் படிகளில் ஏறினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிற்று. சான்று கேட்ட சட்டம் தொடங்கி அரை நூற்றாண்டிற்கு மேலாயிருந்தது. இன்றும் லயங்கள் முற்றும் மறையவில்லை. கூலிக்கான வாதம் ஓயவில்லை. சொந்த வீட்டிற்கும் காணிக்குமான ஏக்கம் தீரவில்லை. கற்க வேண்டிய பாடம் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாடுகள் கற்க வேண்டியதும் எஞ்சியுள்ளது.

2023ஆம் ஆண்டில், முதல் தொழிலாளர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. முன்னோர் பசியோடும் கடனோடும் கடந்த வழியிலே, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடந்தனர். வழியிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆனால் அவ்வழியைத் தம் கால்களால் மீண்டும் அளந்தவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள். கண்டிச் சீமைக்குப் பிழைக்க வந்தவர்களின் மக்களாக அன்று, அச்சீமையை உண்டாக்கியவர்களின் மக்களாக அவர்கள் நடந்தார்கள்.