உறவினரும் மறைபொருளும்



மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். என் மேசைக்கு வரும் கோப்புகள் சிலவற்றின்மேல், பிறர் அறியலாகாது என்பதற்கான முத்திரை இருக்கும். அதைக் கண்டதும் வாய் தானே அடங்கிவிடும். உறவினரிடம் நாம் கூறும் செய்திக்கு அத்தகைய முத்திரை ஏது? "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வது ஒன்றே காவல்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. அறுத்துச் சோதிக்கவேண்டும் என்றார் மருத்துவர். துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால், தில்லியிலேயே வசிக்கும் என் அத்தை மகனிடம் கூறினேன். "முடிவு தெரியும்வரை ஊரில் அம்மாவுக்குத் தெரியவேண்டாம், அத்தான்" என்றும் வேண்டிக்கொண்டேன். அன்றிரவே மயிலாடுதுறையிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். பேச்சு எழவில்லை, அழுகைதான் கேட்டது.

கட்டி தீங்கற்றது என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. ஆயினும் என் சினம் ஆறவில்லை. நான்கு மாதம் அத்தானோடு பேசாதிருந்தேன். மற்ற உறவினரிடமெல்லாம் அவரைக் குறைகூறினேன். பிறகுதான் உறைத்தது: அவர் என் செய்தியை ஒருவரிடம் சொன்னார், நானோ அவர் பிழையைப் பலரிடம் சொல்லிவிட்டேன்.

திருக்குறளில் 'பழைமை' என்றோர் அதிகாரம் உண்டு. நெடுநாள் நண்பர் நாம் நோகும்படி ஒன்று செய்தால், அறியாமையோ மிகுந்த உரிமையோ அதற்குக் காரணம் என்று கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். நட்புக்குச் சொன்னது உறவுக்கும் பொருந்தும். ஆனால் காரணத்தை அவரிடமே கேட்டாலன்றோ தெரியும்?

நேரே சென்று கேட்டேன். "தனியாகத் தாங்க முடியவில்லையப்பா, என் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவள் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்" என்றார். என் தாய் ஒரு வாரம் உறங்காதிருந்ததை நானும் மறைக்காமல் கூறினேன். அவர் கண் கலங்கினார். என் சினமும் அன்றே தீர்ந்தது.

இன்றும் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துச் செல்கிறேன். அவரால் தாங்கமுடியாத செய்தியை மட்டும் அவரிடம் சொல்வதில்லை. மன்னிப்பது ஒன்று; யாரிடம் எதைச் சொல்வது என்று அறிந்து நடப்பது மற்றொன்று. வேண்டுமென்றே செய்தி பரப்புவோரும் உண்டு. அவரிடம் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பகை வேண்டியதில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, நள்ளிரவில் அழைத்தால் ஓடிவரக்கூடியவர் இரண்டொருவரே அல்லரோ?

பின்னர் ஊருக்குச் சென்றபோது அம்மா கேட்டாள்: "அவன் சொன்னது இருக்கட்டும். நீ ஏனப்பா என்னிடம் மறைத்தாய்?"

அதற்கு என்னிடம் விடை இல்லை, நேயர்களே.