திராட்சைப் பந்தலும் ஓக் பீப்பாயும்



கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓர் ஆசை வரும். "நம்ம ஊரில் கல்தூணுக்கா பஞ்சம்? மல்லாட்டைக்குப் பதிலா திராட்சை போட்டு, ஒயின் ஆலைக்கு அனுப்பினால் என்ன?" ஆசையில் தப்பில்லை. ஆனால் தூண் நடுவதற்கு முன்னால் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பெயின் தேசத்தில் ரியோஹா என்று ஒரு வட்டாரம். சொந்தத் தோட்டத்துப் பழத்தை வைத்தே ஒயின் தயாரிக்கும் சின்னக் குடும்பங்கள் அங்கே உண்டு. டெம்ப்ரானில்லோ என்ற கறுப்புத் திராட்சைதான் அவர்களுடைய முக்கிய ரகம். சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பார்கள். சிவப்பு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்கும். பிறகு 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, குளிர்ந்த நிலவறையில் அடுக்கிவிடுவார்கள்.

பீப்பாய் என்ன செய்யும்? மரத்தின் வழியாகக் காற்று சிறுகச் சிறுக உள்ளே போகும். துவர்ப்பின் முரட்டுத்தனம் அடங்கும். வெனிலா மாதிரி ஒரு மரவாசனை ஏறும். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்குங்களேன். அங்கே 'கிரியான்சா' என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால், சிவப்பு ஒயின் குறைந்தது 2 வருஷம் முதிர வேண்டும். அதில் 1 வருஷமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். அத்தனை நாளும் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். ஆவியாகிக் குறைவதை வேறு நிரப்பிக்கொண்டே வரவேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயும் இது நடக்கிறது. பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியில் குரோவர் நிறுவனம் கேபர்னே, ஷிராஸ் ரகங்களிலிருந்து 'லா ரிசர்வ்' என்ற ஒயினை ஓக் பீப்பாயில் முதிர வைத்துத் தயாரிக்கிறது.

கம்பத்துப் பன்னீர் திராட்சை வேறு ஜாதி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அதன் பெருமை புத்தம் புது மணம். துவர்ப்பு குறைவு என்பதால் நெடுநாள் பீப்பாயில் போட்டு வைப்பதற்கு ஏற்றதல்ல. ஆனால் ஒரு சௌகரியம்: ஆலைக்காரன் வேண்டாம் என்றாலும் பழக்கடையில் விலை போகும். ஒயின் ரகத்துக்கு அந்தப் போக்கிடம் கிடையாது. பழம் சின்னது, கொட்டை அதிகம். தின்பதற்கு யாரும் வாங்கமாட்டார்கள். 2008-க்குப் பிறகு ஒயின் வியாபாரம் படுத்தபோது, மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் எத்தனையோ விவசாயிகள் வளர்த்த கொடியைத் தாங்களே வெட்டி எறிந்தார்கள்.

ஆகவே மூன்று விஷயம். ஒன்று, வாங்குபவர் யார், என்ன விலை, எத்தனை வருஷத்துக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் ஒயின் ரகம் நடாதீர்கள். இரண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் பழம் மாட்டினால் வெடிக்கும். அடிச்சாம்பல் நோயும் தாக்கும். கவாத்து நாளைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்று, உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் காய்ச்சி விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

அப்படியும் ஆசை விடவில்லையா? பத்து சென்ட்டில் பன்னீர் போட்டு, உங்கள் மண்ணும் தண்ணீரும் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மல்லாட்டைக் காடு அது பாட்டுக்கு இருக்கட்டும்.