அம்மா கேட்ட கேள்வி



"எதைப் பற்றிப் பேசப் போறே?" என்று சங்கத்தில் கேட்டார்கள். "டிரெட்மில்" என்றேன். "ஏன், ஏஜென்சி எடுத்திருக்கியா?" என்றார்கள். இல்லை. நான் அதை வாங்கியவன். அடிபட்டவர் என் அப்பா.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பூங்காவைப் பூட்டினார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நடக்காமல் இருக்கக் கூடாது. கடைகள் திறந்ததும் தி.நகரில் ஒரு டிரெட்மில் வாங்கினேன். நானே பூட்டினேன், நானே இடம் பார்த்து வைத்தேன். டி.வி. தெரிய வேண்டுமே என்று முன்பக்கத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். பின்னால் பீரோ. நடுவில் ஓர் அடி இருந்தால் அதிகம்.

ஒரு நாள் காலை, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் இருந்த போன் அடித்தது. திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பெல்ட் அவரைப் பின்னால் இழுத்துப் பீரோவில் மோத வைத்தது. மணிக்கட்டு முறிந்தது. பெல்ட்டோ நிற்கவில்லை; முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஓடியது. அம்மா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டிய சிவப்புக் கயிறு கைப்பிடியில் சுற்றிக் கிடந்தது. தொங்கினால் அசிங்கமாக இருக்கிறதென்று அதைச் சுற்றி வைத்தவனும் நான்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏண்டா, நீ இன்ஜினீயர்தானே?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முதல் வருஷத்திலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்போதுதான் போட்டேன். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 1.1 மீட்டர். பெல்ட்டின் நீளம் சுமார் 1.2 மீட்டர். நடுவில் நிற்பவருக்குப் பின்னால் மிச்சம் 60 சென்டிமீட்டர். அதாவது அரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே! தெருவில் தடுமாறினால் நின்று சமாளிக்கலாம், தரை நகராது. இங்கே தரையே நகர்கிறது.

"எனக்கு டி.எம்.டி. நார்மல், பயமில்லை" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963-ல் வகுத்த முறையில் அந்தப் பரிசோதனையின் முதல் கட்டமே மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவிகிதச் சாய்வு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் ஏறும். ஆனால் அங்கே ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஆள் நிற்பார். வீட்டில் யார் நிற்கிறார்கள்?

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில் இந்த இயந்திரம் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். பின்னால் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி, காலியாக இருக்கட்டும். அடையாறு ஃபிளாட்டில் அவ்வளவு இடம் ஏது என்றால், வாங்க வேண்டாம். கயிற்றைச் சட்டையில் மாட்டுங்கள். ஆள் ஏறாதபோது பெல்ட்டை ஓட விட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நிற்க வேண்டும். ஓரப் பலகையில் நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்து, மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பிக்கட்டும். முழுசாக நின்ற பிறகே இறங்கட்டும். மின்சாரம் போனால் சட்டென்று நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேட்டி நுனி, முந்தானை, வெறுங்கால் மூன்றும் ஆகாது. சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குக் காயம் பட்டதே தெரியாது. பைஃபோகல் கண்ணாடி போட்டவருக்குக் கீழே பார்த்தால் பெல்ட் மங்கும். இதயத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது. திரையில் வரும் எண்ணை நம்பக் கூடாது. எந்த வேகம், எவ்வளவு நேரம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பேரக் குழந்தைகள் வரும் வீடா? சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆறு வயதுக் குழந்தை இயந்திரத்தின் பின்பக்கத்து அடியில் இழுக்கப்பட்டு இறந்தது. அதன் பிறகு 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்ப அழைத்தது.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபது வயதுக்காரர் தினமும் ஞாபகமாகக் கயிறு மாட்டுவார் என்று நம்பி நாம் இயந்திரம் செய்கிறோம். மறந்தாலும் காப்பாற்றுகிற ஒன்றை, நம் ஊர் விலையில், உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டாகச் செய்யுங்களேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை. காப்பி டபராவை இடது கையில்தான் பிடிக்கிறார். மறுபடி பூங்காவுக்குப் போகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் டிரெட்மில். பீரோவை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன். ஏறும்போதெல்லாம் சட்டையைத் தொட்டுக் காட்டி, "கயிறு மாட்டியாச்சு, இன்ஜினீயர் சார்" என்பார்.

அம்மா இன்னும் சிரிப்பதில்லை.